ஹாரன் அடித்தால் மட்டும் போதுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவில் விமானிப் பயிற்சி பெற்று வரும் அவர் மகன் புலனத்தில் அழைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா, இன்னிக்கு நான் தனியா இன்னொரு ஊருக்குப் பறந்து போய் இறங்கிட்டு வந்தேன். அங்க டவரே கிடையாது!”

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. “டவர் இல்லைன்னா, இறங்கச் சொல்றது யாரு?”

“யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. ரேடியோவில நாமளே சொல்லிட்டு, பார்த்து இறங்கணும்.”

அவன் பேசி முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீதான் பொறியாளர். இது பாதுகாப்பான வேலையான்னு பார்த்துச் சொல்லு. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.”

நான் தொழிற்சாலை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுபவன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஜன்னல் ஓர இருக்கையிலிருந்து பார்த்தது மட்டும்தான். ஆனாலும் அக்கா கேட்டுவிட்டார். அடுத்த மூன்று வாரங்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் விபத்து விசாரணை அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் பிள்ளைகள் பலர் இன்று விமானிப் பயிற்சிக்காக வெளிநாடு செல்கிறார்கள். அவர்களின் பெற்றோருக்கும் உதவும் என்பதால், நான் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

கோபுரம் இல்லாத விமான நிலையமா?

கேஎல்ஐஏ, சுபாங், சாங்கி என்று நாம் போய்வரும் விமான நிலையங்களில் எல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. அங்கே அமர்ந்திருக்கும் அதிகாரி, “நீ முதலில் இறங்கு, நீ காத்திரு” என்று விமானங்களை வரிசைப்படுத்துவார். விமான நிலையம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன்.

சிறு விமானங்களின் உலகம் வேறு. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை சுமார் 500 மட்டுமே. ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான சிறு விமானத் தளங்களில் கோபுரம் இல்லை. நாளுக்குச் சில விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஓர் ஊரில் கோபுரம் கட்டி, மூன்று வேளையும் ஆள் வைப்பதற்குக் கட்டுப்படியாகாது. நம் தாமான்களில் ஒவ்வொரு முச்சந்திக்கும் சமிக்ஞை விளக்கு வைப்பதில்லை அல்லவா? அதைப் போலத்தான்.

விளக்கு இல்லாத சந்திக்கும் விதி உண்டு. இங்கேயும் உண்டு. ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இறங்க வரும் விமானம், தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் அந்தச் செவ்வகத்தின் ஓரமாகச் சுற்றி வர வேண்டும். முதலில் ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும். பிறகு ஒரு திருப்பம். மீண்டும் ஒரு திருப்பம். இப்போது ஓடுபாதை நேர் எதிரே இருக்கும். பொதுவாக எல்லாரும் இடப்பக்கமே திரும்புவார்கள். எல்லாரும் ஒரே வழியில் சுற்றினால், யார் முன்னே, யார் பின்னே என்பது தெரியும்.

இதோடு வானொலியும் உண்டு. அந்தத் தளத்துக்கென ஒரு பொது அலைவரிசை இருக்கும். ஒவ்வொரு விமானியும் தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன் என்பதை அதில் அறிவிப்பார். அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊர்ப் பெயரைச் சொல்வார். பக்கத்து ஊர்த் தளமும் அதே அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை, வளைவில் எதிரே வருவது தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். அடித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்வார். சிறுவனாக அருகில் உட்கார்ந்திருந்த நான் ஒருநாள், “அதான் ஹாரன் அடிச்சிட்டீங்களே, அப்புறம் ஏன் மெதுவா போறீங்க?” என்று கேட்டேன். “நான் அடிச்ச ஹாரன் எனக்குத்தான் கேட்டுச்சு. அவனுக்குக் கேட்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

மூன்று வாரம் நான் படித்த அறிக்கைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த ஒரு கேள்வியிடம்தான் வந்து நின்றன.

வாட்சன்வில்: இருவரும் பேசினார்கள்

2022 ஆகஸ்ட் 18. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் சூழ்ந்த வாட்சன்வில் என்ற சிற்றூர். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்தில் ஒருவர் தனியாகப் பறந்துகொண்டிருந்தார். இறங்குவதும், சக்கரம் தரையைத் தொட்டதும் மீண்டும் ஏறுவதுமாக அந்தச் செவ்வகப் பாதையில் சுற்றிச் சுற்றிப் பயிற்சி செய்தார். ஒவ்வொரு கட்டத்தையும் வானொலியில் அறிவித்தார்.

அதே நேரத்தில் செஸ்னா 340 என்ற இரட்டை இயந்திர விமானம் வந்தது. அதில் இருவர் இருந்தனர்; அவர்களோடு ஒரு நாயும் இருந்தது. அதன் விமானி செவ்வகப் பாதையில் சேரவில்லை. தொலைவிலிருந்து நேர்கோட்டில் வந்து அப்படியே இறங்கப்போவதாக அறிவித்தார். பத்து மைல் தொலைவில் ஒருமுறை சொன்னார். மூன்று மைலில் மீண்டும் சொன்னார். நேராக வந்து இறங்குவதற்குத் தடை இல்லை. ஆனால் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர்களின் வரிசையைக் குலைக்கக் கூடாது என்பதே அங்குள்ள வழிகாட்டல்.

பெரிய விமானம் வந்த வேகம் சுமார் 180 நாட். மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல். இறங்க வரும் செஸ்னா 152-இன் வழக்கமான வேகமோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 நாட் வேகத்தில் மூன்று கடல்மைல் என்பது சரியாக ஒரு நிமிடம். “மூன்று மைலில் இருக்கிறேன்” என்று கேட்கும் சிறு விமானத்தின் விமானி, தன் வேகத்தை வைத்து யோசித்தால் இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று நினைக்கக்கூடும். உண்மையில் அவரிடம் இருந்தது ஒரு நிமிடம்தான்.

சிறு விமானம் கடைசித் திருப்பத்தை முடித்து ஓடுபாதையை நோக்கியபோது, பெரியது அதன் முதுகின் மீதே வந்துவிட்டது. சிறு விமானத்தின் விமானி அதைக் கண்டார். மிக வேகமாக வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலே போய்விடுகிறேன் என்ற பொருளில் வானொலியில் சொன்னார். சில வினாடிகளில், ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், இரண்டும் மோதின. மூவரும் இறந்தனர்.

நேராக இறங்க வந்த விமானி, முன்னே இருந்த விமானத்தைக் கண்டு விலகத் தவறியதே காரணம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. என்னை உறுத்தியது வேறு ஒன்று. இருவரும் அலைவரிசையில் இருந்தார்கள். இருவரும் பேசினார்கள். பட்டப்பகல், விபத்து நடந்ததோ ஓடுபாதையின் வாசலில். இரண்டு ஹாரனும் ஒலித்தன. ஆனாலும் மோதிக்கொண்டார்கள்.

கண் ஏன் ஏமாற்றுகிறது?

“கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?” என்று அக்கா கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வானத்தில் அது அவ்வளவு எளிதில்லை.

நம் கண் அசைவதைத்தான் சட்டென்று கவனிக்கும். மோதும் பாதையில் வரும் இன்னொரு விமானமோ கண்ணாடியில் அசையாது. ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். நெருங்கும்வரை புள்ளியாகவே இருந்து, கடைசிச் சில வினாடிகளில் திடீரென்று பெரிதாகும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோதப்போகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. 180 நாட் வேகத்தில் அந்த நேரத்துக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடலாம்.

விமானத்தின் உடலும் பார்வையை மறைக்கும். சிறகு மேலே இருக்கும் விமானத்தில் தலைக்கு மேலே இருப்பது தெரியாது. சிறகு கீழே இருக்கும் விமானத்தில் காலடியில் இருப்பது தெரியாது. கீழ்ச்சிறகு விமானம் மேலேயும், மேற்சிறகு விமானம் கீழேயும் ஒரே ஓடுபாதையை நோக்கி இறங்கினால், இருவருமே நல்ல விமானிகளாக இருந்தும் ஒருவரை ஒருவர் காணாமல் போகலாம். வாட்சன்வில்லில் முன்னே சென்றது மேற்சிறகு. பின்னே வந்தது கீழ்ச்சிறகு.

கண்ணால் கண்டு விலகுவது என்ற முறையின் குறைகளை ஆஸ்திரேலிய விசாரணையாளர்கள் 1991-லேயே ஓர் ஆய்வறிக்கையாக விரிவாக எழுதிவிட்டார்கள். அப்படியானால் காது கைகொடுக்குமா?

குவின்சி: பதில் சொன்னவர் வேறு

1996 நவம்பர் 19. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரம். மாலை ஐந்து மணி, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற சிறிய பயணிகள் விமானம் இறங்க வந்தது. பத்துப் பயணிகள், இரண்டு விமானிகள். அங்கும் கோபுரம் இல்லை.

குவின்சியில் ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். பயணிகள் விமானம் ஒன்றில் இறங்கப் போகிறது. அதைக் குறுக்கே வெட்டும் மற்றொன்றின் தொடக்கத்தில் கிங் ஏர் என்ற விமானம் புறப்பட நிற்கிறது. அதன் பின்னால் செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானம் தன் முறைக்குக் காத்திருக்கிறது.

பயணிகள் விமானத்தின் விமானி பொறுப்பானவர். தாம் இறங்குவதைப் பலமுறை அறிவித்தார். அதோடு நிற்காமல் கேள்வியும் கேட்டார்: ஓடுபாதையில் நிற்கும் விமானமே, அங்கேயே நிற்கிறீரா, புறப்படப் போகிறீரா?

கிங் ஏரிடமிருந்து பதில் இல்லை. பின்னால் இருந்த செரோக்கியின் விமானி பதில் சொன்னார். தன் எண்ணைச் சொல்லி, புறப்படக் காத்திருப்பதாகவும், கிங் ஏருக்குப் பின்னால் இருப்பதாகவும் சொல்ல வந்தார். அவருக்குப் பறந்த அனுபவம் அதிகமில்லை. அவர் பேசிய அதே நேரத்தில், பயணிகள் விமானத்துக்குள் இருந்த எச்சரிக்கைக் கருவி தரையிலிருந்து உயரம் இருநூறு அடி என்று குரல் கொடுத்தது. அந்தக் குரலோடு அவர் பேச்சின் ஒரு பகுதி கலந்துபோனது. “காத்திருக்கிறேன்” என்பது மட்டும் விமானிகளின் காதில் விழுந்தது. ஓடுபாதையில் நிற்கும் விமானமே அதைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். அது தவறு என்று யாரும் திருத்தவில்லை.

கிங் ஏர் புறப்பட்டது. ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் மோதித் தீப்பிடித்தன.

அருகில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பயணிகள் விமானத்தின் விமானி உயிரோடு இருந்தார். ஜன்னல் வழியாக, கதவைத் திறக்கும்படி கேட்டார். வந்தவர்கள் எவ்வளவோ முயன்றும் கதவு திறக்கவில்லை. புகையும் தீயும் முந்திக்கொண்டன. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 14 பேர் இறந்தார்கள்.

கிங் ஏரில் இருந்தவர்கள் அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, புறப்படுமுன் வானத்தையும் சரியாகப் பார்க்கவில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. இடையில் சிதைந்த அந்தப் பதிலையும், திறக்காத கதவையும், போதிய தீயணைப்புச் சேவை அங்கே இல்லாததையும் சேர்த்தே குறிப்பிட்டது.

இந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த விமானி ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. அப்பாவைப் போலவே எதிர் ஹாரனுக்கும் காத்திருந்தார். பதிலும் வந்தது. ஆனால் அது வேறு ஆளின் பதில்.

கபூல்ச்சர்: இடையில் மரங்கள்

பிள்ளை படிப்பது ஆஸ்திரேலியாவில் அல்லவா? அங்கே நடந்த ஒன்றையும் பார்த்தேன். 2023 ஜூலை 28, குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு வடக்கே கபூல்ச்சர் விமானத் தளம். இயந்திரம் இல்லாத கிளைடர்களை வானுக்கு இழுத்துச் செல்லும் பானி என்ற விமானம் இறங்க வந்தது. அதன் முன்னே ஓடுபாதையை வேறொரு விமானம் கடந்துகொண்டிருந்தது. பானியின் விமானி நல்ல பிள்ளையாக, இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறினார். அதை அறிவிக்கவும் செய்தார். அதே நேரத்தில் குறுக்கு ஓடுபாதையிலிருந்து ஜபிரு என்ற சிறு விமானம் கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது. இரு ஓடுபாதைகளுக்கும் இடையே நின்ற மரங்கள் ஒருவரை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்திருந்தன. இரண்டும் வானில் மோதின. பானி பத்திரமாக இறங்கியது. ஜபிருவில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

செம்பனை மறைத்த வளைவேதான், வேறு நாட்டில்.

அப்படியானால் பயப்பட வேண்டுமா?

அக்காவிடம் இதை எல்லாம் அப்படியே கொட்டவில்லை. சொல்ல வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது.

கோபுரம் இல்லாத தளங்களில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான விமானங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் இறங்குகின்றன. கோபுரம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2021 மே 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரருகே, கோபுரம் உள்ள ஒரு விமான நிலையத்தில், இணையான இரு ஓடுபாதைகளுக்கு இறங்க வந்த இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று தன் திருப்பத்தில் அளவு தாண்டி அடுத்த பாதைக்குள் புகுந்துவிட்டது. அந்தச் சிறிய சிர்ரஸ் விமானத்துக்கு முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு. அதை விரித்து மெதுவாகத் தரைக்கு வந்தார்கள். மற்ற விமானம் உடல் கிழிந்த நிலையிலும் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை.

இன்று பல சிறு விமானங்களில் ஒரு கருவி இருக்கிறது. தன் இருப்பிடத்தைத் தானாகவே ஒலிபரப்பும். அருகில் உள்ள மற்ற விமானங்களைத் திரையில் காட்டும். அமெரிக்காவில் 2020 முதல் பரபரப்பான வான்பகுதிகளில் இருப்பிடத்தை ஒலிபரப்புவது கட்டாயம். ஆனால் எல்லாச் சிறு தளங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. திரையில் தெரியாததால் வானில் யாரும் இல்லை என்று நினைத்துவிட முடியாது.

விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. இருவர் ஒரே நேரத்தில் இறங்க வந்தால், தாழ்வாக இருப்பவருக்கே வழி. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தி இன்னொருவரின் முன்னே புகுந்துவிடக் கூடாது என்பதும் அமெரிக்க விதியின் அதே வரியில் இருக்கிறது. ‘இந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது என்றும் வழிகாட்டல் உண்டு. வருபவரே முன்கூட்டியே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். தன் இடத்தையும் உயரத்தையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும்.

இத்தனை விதிகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். நான் சொன்னதால் அவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதே. பதில் வந்ததால் அவர்தான் சொன்னார் என்றும் எடுத்துக்கொள்ளாதே. குரலையும் விமானத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும்வரை, அந்த ஓடுபாதை உன்னுடையது அல்ல.

மீண்டும் ஒரு சுற்று

அடுத்த அழைப்பில் இதை அவனிடம் சொன்னேன். தாத்தாவின் லோரிக் கதையையும் சொன்னேன். பெரியவர்கள் அறிவுரை சொன்னால் வழக்கமாகத் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடுவான். அன்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, போன வாரம் எனக்கே ஒண்ணு நடந்துச்சு” என்றான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தார்.

அதே கோபுரமில்லாத தளம். அவன் இறங்கத் திரும்பும் நேரம், வானொலியில் ஒரு குரல். இன்னொரு விமானம் அதே ஓடுபாதைக்கு இறங்குவதாகச் சொன்னது. அவன் தேடிப் பார்த்தான். ஆளைக் காணவில்லை. தன் இடத்தை மறுபடியும் சொன்னான். அந்தப் பக்கமிருந்து “கேட்டேன்” என்று பதில் வந்தது. அப்போதும் ஆளைக் காணவில்லை.

“பதில்தான் வந்துடுச்சே, இறங்கிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு மாமா. மனசுக்குச் சரியாப் படல. திரும்பவே இல்லை. நேராப் போயி, தள்ளி ஒரு பெரிய சுத்து சுத்தி வந்தேன். அப்புறம் பார்த்தா, அவரு எனக்குக் கீழே, சூரியன் பக்கமா வந்துட்டிருந்தாரு.”

நான் வாட்சன்வில்லை நினைத்துக்கொண்டேன். மேலே போய்விடலாம் என்ற முடிவை அந்த விமானியும் எடுத்தார். ஆனால் அவருக்குக் கிடைத்தவை வினாடிகள் மட்டுமே. இவன் அந்த முடிவை முன்கூட்டியே, இடம் இருந்தபோதே எடுத்திருக்கிறான்.

“ஆசிரியர் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“அந்த ஒரு சுத்துக்கு ஆன நேரத்தையும் பயிற்சிக் கணக்குல எழுதிக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்.” பிறகு சற்றுத் தயங்கி, “ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம்னு உங்களுக்குத்தான் தெரியுமே மாமா. அதையும் நினைச்சேன்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கல்விக் கடனுக்கு மாதாமாதம் பணம் கட்டும் அம்மாவை நினைத்து, ஒரு பிள்ளை வானத்தில் கணக்குப் பார்த்திருக்கிறான்.

அக்கா கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இந்தா பாரு, காசு நான் கட்டுறேன். ஆளு கண்ணுல படலைன்னா இறங்காதே. பத்துச் சுத்துன்னாலும் சுத்திட்டு வா.”

அவன் சிரித்தான். “பத்துச் சுத்து சுத்தினா எண்ணெய் தீர்ந்துடும்மா.”

“அப்போ எண்ணெயை நிறையப் போட்டுக்கிட்டுப் போ” என்றார் அக்கா.

அன்றிரவு வாசல்வரை வந்து என்னை வழியனுப்பும்போது, அப்பாவின் லோரியைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அந்தத் தோட்டத்துச் சாலையில் அப்பா ஒரு விபத்திலும் சிக்கியதில்லை என்றார். நான் காரை எடுத்தேன். தாமான் முச்சந்தியில் வழக்கம்போல ஹாரனைத் தட்டிவிட்டுத் திரும்பப் போனவன், நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.